மெரைன் டிரைவில் ஓடும்போது மட்டும் இயர்பட் விட்டுவிட்டுக் கேட்பது ஏன்?

மாட்டுங்கா ஓட்டக்காரன் (கேள்வி):

வணக்கம். மும்பை மாட்டுங்காவில் வசிக்கிறேன். ஜனவரியில் நடக்கும் மும்பை மாரத்தானில் 21.1 கிலோமீட்டர் ஓடுவதற்காகப் பயிற்சி எடுத்து வருகிறேன். வார நாட்களில் எங்கள் பகுதி மேம்பாலத்தின் கீழ் இருக்கும் நானாலால் மேத்தா பூங்காவின் நடைபாதையிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுங்கா ரோடு நிலையத்தில் லோக்கல் ஏறி சர்ச்கேட்டில் இறங்கி, நரிமன் பாயின்ட்டிலிருந்து சௌபாட்டி வரை மெரைன் டிரைவ் கடற்கரைச் சாலையில் போய்த் திரும்பும் வழியிலும் ஓடுவது வழக்கம்.

ஒன்பது மாதங்களுக்கு முன் வாங்கிய, ஓட்டக்காரர்களுக்கானது என்றே விளம்பரம் செய்யப்பட்ட இயர்பட் இப்போது மூன்று விதமாகப் படுத்துகிறது. மேம்பாலத்தின் கீழ் குறையில்லாமல் கேட்கும் பாட்டு, மெரைன் டிரைவில் கடலோரமாக ஓடும்போது இடது காதில் மட்டும் சில விநாடிகளுக்கு ஒருமுறை அறுந்து போகிறது. கைபேசி எப்போதும் அரைக்கால் சட்டையின் வலது பையில்தான் இருக்கிறது. அரைமணி நேரம் ஓடி நன்றாக வியர்த்த பிறகு, இரண்டு காதுகளிலும் பாட்டு நின்று, தானாகவே மறுபடி தொடங்குகிறது. மூன்றாவதாக, வலது இயர்பட்டைப் பெட்டியில் வைத்து இரண்டு மூன்று முறை அழுத்தினால்தான் சார்ஜ் ஏறுகிறது. பெட்டி அட்டையில் 'ஐபிஎக்ஸ்5, வியர்வை தாங்கும்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் சேவை மையத்தில் 'உள்ளே ஈரம் போயிருக்கிறது, வாரன்டி பொருந்தாது' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பொருளே மட்டமா, நான் பயன்படுத்தும் முறை தவறா, அல்லது இன்னும் விலை கூடியதை வாங்கினால் தீருமா?

செம்பூர் மின்னணுப் பொறியாளர்:

மூன்றையும் ஒரே கோளாறாக எண்ண வேண்டாம். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ஒலி மறுபடி வரும்போது பாட்டு எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதைக் கவனித்தாலே முதல் இரண்டையும் பிரித்துவிடலாம். நடுவில் ஒரு துண்டு காணாமல் போய் அடுத்த வரி கேட்டால், கைபேசி பாடிக்கொண்டுதான் இருந்தது, அலைதான் வந்து சேரவில்லை என்று பொருள். நின்ற இடத்திலிருந்தே தொடர்ந்தால், ஏதோ ஒன்று கைபேசிக்கு 'நிறுத்து' என்று கட்டளை கொடுத்திருக்கிறது.

மெரைன் டிரைவில் நடப்பது முதல் வகை. ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. பெரும்பகுதி நீராலான நம் உடல் அந்த அலையை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். வலது பையிலிருந்து இடது காதுக்கு நேர்வழி இடுப்பையும் மார்பையும் தலையையும் கடந்து போவதால், அவ்வழியே சென்று சேர்வது மிகக் குறைவு. வீட்டுக்குள்ளோ பாலத்தின் கீழோ சுவரிலும் காங்கிரீட்டிலும் பட்டுத் திரும்பும் அலை அந்தக் குறையை ஈடு செய்கிறது. உங்கள் பூங்காவுக்கு மேம்பாலமே கூரையாக இருக்கிறது. மெரைன் டிரைவிலோ ஒரு பக்கம் கடல், மேலே வெறும் வானம். எதிர்ச்சாரிக் கட்டடங்கள் அகலமான சாலைக்கு அப்பால் நிற்கின்றன. திருப்பி அனுப்ப எதுவும் அருகில் இல்லை. நெரிசலான இடத்தில்தான் இயர்பட் திணறும் என்று பலர் நினைக்கிறார்கள். நெரிசலில் வை-ஃபை குறுக்கீடு இருப்பது உண்மைதான் என்றாலும், ப்ளூடூத் விநாடிக்கு 1600 முறை வரை தடம் மாறித் தாவி அதைச் சமாளிக்கப் பார்க்கும். திறந்தவெளியில் உடலே தடுப்பாக நிற்கும்போது எந்தத் தடத்துக்குத் தாவினாலும் பெரிய பயன் இல்லை.

கைபேசியை மேல்கையில் கட்டும் பட்டையிலோ மார்புப் பையிலோ வைத்துப் பாருங்கள். பல இயர்பட்களில் ஒரு பக்கம்தான் கைபேசியோடு முதன்மையாக இணைகிறது. மறுபக்கம் அதனிடமிருந்து ஒலியைப் பெறும், அல்லது அந்தத் தொடர்பை ஒட்டுக்கேட்கும். ஆகையால் இரண்டு கைகளிலும் மாற்றிக் கட்டிப் பார்த்து, எந்தப் பக்கம் ஒத்துவருகிறது என்று முடிவு செய்யுங்கள். ஆண்ட்ராய்டு கைபேசியில் எல்டிஏசி (ஒலியைச் சுருக்கி ப்ளூடூத் வழியே அனுப்பும் ஒரு முறை) விநாடிக்கு 990 கிலோபிட்டில் ஓடிக்கொண்டிருந்தால் 330க்கு இறக்குங்கள். ஓடும்போது அந்த வேறுபாடு என் காதுக்கு எட்டியதில்லை.

இரண்டாவது தொல்லைக்குக் காரணம், இயர்பட் காதில் இருக்கிறதா என்று பார்க்கும் உணரியாக இருக்கலாம். அதன்மேல் வியர்வை படிந்தால் காதிலிருந்து கழற்றிவிட்டதாக அது நினைத்துக்கொள்ளும். தொடு பரப்பின்மேல் ஓடும் வியர்வைத் துளியைக்கூடச் சில இயர்பட்கள் விரல் என்று எண்ணிவிடுகின்றன. செயலியில் இரண்டையும் அணைத்துவிட்டு ஓடிப் பாருங்கள்.

சயான் பழுதுபார்ப்பவர்:

மூன்றாவது கோளாறு என் மேசைக்கு நாள்தோறும் வருவது. ஐபிஎக்ஸ்5 என்பதற்கு, 6.3 மில்லிமீட்டர் குழாய்முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் பீய்ச்சும் தண்ணீரைப் புதுப்பொருள் தாங்கியது என்பதுதான் பொருள். அந்தச் சோதனை நடப்பது நல்ல தண்ணீரில். வியர்வையில் உப்பும் எண்ணெய்ப் பசையும் உண்டு. ஒன்பது மாதம் அதில் ஊறிய ரப்பர் விளிம்பும் பசையும் முதல் நாள்போல் இருக்காது. 'எக்ஸ்' என்ற எழுத்து, தூசுக்கு எந்த மதிப்பும் குறிக்கப்படவில்லை என்பதைக் காட்டுவது. தூசு புகாது என்று அதற்குப் பொருளில்லை. சார்ஜ் பெட்டிக்கோ பெரும்பாலும் எந்தக் காப்பும் கிடையாது.

பலரும் செய்யும் தவறு, ஓடி முடித்த கையோடு ஈர இயர்பட்டைப் பெட்டியில் போட்டு மூடுவது. மூடியதும் சார்ஜ் ஏற்றும் சிறு உலோக முனைகளான பின்களில் மின்சாரம் பாய்கிறது. நடுவில் உப்புநீர் இருந்தால் பின்னின் மேல்பூச்சு அரிக்கப்பட்டு, புளி போட்டுத் துலக்காத பித்தளைச் செம்பில் ஏறுவதுபோலப் பச்சைக் களிம்பு ஏறிவிடும். அதற்காகப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள் (ஒருவர் எலுமிச்சம்பழம் தேய்த்துக் கொண்டுவந்தார்). ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் சிறிது நனைத்து, இயர்பட்டின் முனைகளையும் பெட்டியின் உள்ளே இருக்கும் பின்களையும் மெல்லத் துடையுங்கள். ஊசியால் சுரண்டினால் பூச்சு போய்விடும். அதன் பிறகும் சார்ஜ் ஏறாவிட்டால் பெட்டியிலுள்ள சார்ஜ் பின் ஒன்று உள்ளே அமுங்கிப்போயிருக்கலாம்; சில நிறுவனங்கள் பெட்டியைத் தனியாக விற்கின்றன. ஓடி வந்தபின் துடைத்து, மின்விசிறியடியில் அரைமணி நேரம் உலர்த்திவிட்டுப் பெட்டியில் வையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றில் அரைமணி போதாது.

ஒரு பக்கம் ஒலி குறைந்துகொண்டே போனால், பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன் இயர்பட்டில் ஒலி வெளிவரும் வலையில் காதுக் குரும்பி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். என்னிடம் வருபவற்றில் அதற்காகவே வருவன நிறைய.

வாஷி அக்கா:

தம்பி, விலை கூடியதை வாங்கினாலும் இதே உடலையும் இதே கடற்கரையையும் வைத்துக்கொண்டுதானே ஓடப் போகிறீர்கள்? நான் இரண்டு ஜோடி இழந்தபின் கழுத்துப்பட்டை வகைக்கு மாறினேன். இரு காதுகளுக்கும் இடையே கம்பி இருப்பதால் ஒரு காது மட்டும் அறுந்துபோகும் பேச்சே இல்லை. தொடுவதற்குப் பதில் அழுத்தும் பொத்தான் இருக்கிறது. பழைய பாணி என்று பேத்தி சிரிக்கிறாள். காதை மூடாமல் எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் வகையும் உண்டு. சாலையில் வண்டிச் சத்தம் கேட்கும் என்பதால் அது பாதுகாப்பானது, ஆனால் பாஸ் ஒலி மெலிந்துதான் கேட்கும்.

வாரன்டியை அதற்குள் விட்டுவிடாதீர்கள். 'வியர்வை தாங்கும்' என்று அச்சிட்ட அட்டையைப் படமெடுத்து, அவர்கள் மறுத்த காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடுங்கள். அதிலும் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

மாட்டுங்கா ஓட்டக்காரன்:

மூவருக்கும் நன்றி. நேற்று ஞாயிறு, சொன்னபடி செய்து பார்த்தேன். கைபேசியை இடது மேல்கையில் கட்டிக்கொண்டு நரிமன் பாயின்ட்டிலிருந்து சௌபாட்டி வரை போனதில் ஒரே ஒருமுறைதான் அறுந்தது. திரும்பும்போது வேண்டுமென்றே வலது பைக்கு மாற்றினேன். நூறு அடி போவதற்குள் இடது காது போய்விட்டது. தானாக நிற்கும் தொல்லை, காது உணரியை அணைத்ததும் வரவேயில்லை. ஆனால் தொடு கட்டளையையும் அணைத்துவிட்டதால், பாட்டு மாற்ற நின்று கைபேசியைத் தொட வேண்டியிருக்கிறது.

பின்களில் நீங்கள் சொன்ன களிம்பு அப்படியே இருந்தது. துடைத்தபின் வலது பக்கம் பத்து முறைக்கு எட்டு முறை முதல் அழுத்தலிலேயே சார்ஜ் ஏறுகிறது. மற்ற இரண்டு முறைக்காக 1915இல் புகார் பதிந்திருக்கிறேன்.

சயான் பழுதுபார்ப்பவர்:

அந்த இரண்டு முறை ஏறாததற்கு, பெட்டியின் சார்ஜ் பின் அமுங்கியதுதான் காரணமாக இருக்கும். புகார் முடியும்வரை யாரிடமும் பெட்டியைத் திறக்கக் கொடுக்காதீர்கள், என்னிடம்கூட. திறந்த தடயம் இருந்தால் மறுப்பதற்கு அவர்களுக்கு அது போதும்.