வாய்க்காலை மூடிய மனைப்பிரிவு: அனுமதியை எங்கே எதிர்ப்பது?

கன்னியாகுமரி மாவட்டம், கல்குளம் வட்டம். ஏலாவில் (நெல்வயல் பரப்பில்) மண் நிரப்பி 2 ஏக்கர் 10 சென்டில் 34 மனைகள். நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப அனுமதி மார்ச்சில், ஊராட்சியின் இறுதி ஒப்புதல் ஜூன் 12இல்.

புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) 2.4 மீட்டர் அகல வாய்க்கால் இருக்கிறது. வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டிலும் அது புறம்போக்குதான். மனைப்பிரிவு வரைபடத்தில் மட்டும் அதே இடம் சாலை! ஒரு அடிக் குழாயைப் பதித்து மூடியிருக்கிறார்கள். அது எப்படிப் போதும்? இப்போதே கடைமடைக்குத் தண்ணீர் இல்லை. ஐப்பசி மழையில் வெள்ளம் மேல்பக்க வீடுகளுக்குள் ஏறிவிடும்.

வட்டாட்சியரிடமும், திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடமும் மனு கொடுத்தாயிற்று. நில அளவைக்குப் பணமும் கட்டியாயிற்று. நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று நகல் கேட்ட தகவல் உரிமை மனுவுக்கு 30 நாள் கடந்தும் பதிலில்லை. முதல் மேல்முறையீடு போயிருக்கிறது.

இதில் பக்கத்து நிலக்காரர்கள் 1971 நகர் ஊரமைப்புச் சட்டம் 79ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்யலாமா, நேராக உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடுவதா?