பெயர் வராத எழுத்து வேலைக்கு என்ன ரேட் சொல்வது? எதைக் காட்டி அடுத்த வேலை கேட்பது?

ஈரோட்டு_வாசகன்:
வணக்கம். எட்டு வருடம் ஒரு வார இதழில் உதவி ஆசிரியராக இருந்துவிட்டுப் போன வருடம் வெளியே வந்தேன். அந்தச் சமயம் எங்கள் தெருவில் அரிசி மில் வைத்திருந்த பெரியவருக்குச் சதாபிஷேகம். அப்பாவின் வாழ்க்கையைப் புத்தகமாகப் போட்டுத் தாம்பூலப் பையோடு கொடுக்க வேண்டும் என்று மகனுக்கு ஆசை. நான் எழுதிப் பெரியவர் பெயரில் வர 25,000 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டேன், ஒரு மாதம் என்று நினைத்தது நாலு மாதம் இழுத்தது. விழாவன்று பந்தியில் பக்கத்து இலைக்காரர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "மில்லு ஓட்டுன மனுஷன் என்னமா எழுதியிருக்காரு பாருங்க!" என்று என்னிடமே சொல்கிறார். ஆமாங்க என்று சொல்லிவிட்டுப் பாயசம் குடித்தேன்.

இப்போது, வெளியே சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிய அதே மகன் இரண்டு பேருக்கு ரகசியமாக என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். இதையே தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா என்று யோசனை. சொல்லுக்கு இவ்வளவு என்று கேட்பதா, மொத்தமாகவா? அந்த இரண்டு பேருக்கு அப்புறம் மூன்றாவது ஆளிடம் எதைக் காட்டி வேலை கேட்பது?

கோவை_பழைய_ப்ரூஃப்:
சொல் கணக்கு வேண்டவே வேண்டாம். பெரியவர் ஒரு மணி நேரம் பேசினால் அதைத் தட்டச்சு செய்ய எனக்கு நாலைந்து மணி நேரம் ஆகும், கூகுள் குரல் தட்டச்சு நம்ம ஊர்ப் பேச்சில் பாதியை முழுங்கிவிடும். பதினைந்து மணி நேரப் பதிவு என்றால், எழுத உட்காருவதற்கு முன்பே 60, 70 மணி நேரம் போயிருக்கும். 150 பக்க டெமி சைஸ் புத்தகத்துக்கு நான் இப்போது ஒரு லட்சத்துக்குக் கீழே ஒத்துக்கொள்வதில்லை. (முதல் புத்தகத்துக்கு வாங்கியது உங்களைவிடக் குறைவு, அது வேறு கதை.) மூன்று தவணை. பதிவு தொடங்கும் முன் ஒன்று, முதல் வடிவம் கொடுக்கும்போது ஒன்று, மீதி அச்சுக்கு ஃபைல் போவதற்கு முன். போன பிறகு கேட்டால் விழாச் செலவோடு செலவாக மறந்துபோவார்கள்.

யார் சொன்னால் முடிவு என்பதையும் முதல் நாளே எழுதி வாங்குங்கள். காசு கொடுப்பது மகன், கதை சொல்வது அப்பா, ப்ரூஃப் பார்ப்பது மருமகள். ஒரு வீட்டில் பாகப்பிரிவினையைப் பற்றிப் பெரியவர் மனம் விட்டுச் சொன்னார், நானும் ரசித்து எழுதினேன். லேஅவுட் முடிந்த பிறகு, "சித்தப்பா மேடையில உக்காரப் போறாரு, இது வேண்டாங்க" என்று 22 பக்கத்தைத் தூக்கச் சொன்னார்கள். பக்க எண், பொருளடக்கம், படங்கள் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அதிலிருந்து இரண்டு சுற்றுத் திருத்தம்தான், மூன்றாவதற்குத் தனிக் காசு.

கணக்குப்பிள்ளை:
ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி சம்பளத்துக்கு இல்லாமல் தனியாக எழுதும் ஆளுக்கு அவர் எழுதியதில் முதல் உரிமை அவருடையதுதான். அதை எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு மாற்றிக் கொடுத்தால்தான் அந்தக் குடும்பத்துக்குப் போகும். எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இது பல குடும்பங்களுக்குத் தெரியாது. நியாயமாக நடக்க வேண்டுமென்றால் முழுக் காலத்துக்கும் எழுதிக் கொடுங்கள், ஆனால் "முழுத் தொகையும் கைக்கு வந்த பிறகே உரிமை மாறும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். உங்களுக்கு இருக்கும் பிடி அது ஒன்றுதான். கம்பெனிகளுக்கு எழுதினால் 10 சதவீதம் டிடிஎஸ் (வருமான வரிக்காக முன்கூட்டியே கழிப்பது) பிடிப்பார்கள், பிடித்ததை ரிட்டர்னில் கணக்குக் காட்டினால் சரியாகிவிடும். ஜிஎஸ்டி கவலை ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும்போது பட்டால் போதும்.

மதுரை_மல்லிகா:
ரேட் சரி, அவர் கேட்ட ரெண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. உங்கள் தாத்தாவையோ பெரியம்மாவையோ உட்கார வைத்துப் பதினைந்து பக்கம் எழுதுங்கள், அதுதான் உங்கள் சாம்பிள். முதல் பக்கத்தில் அவர் பேசியதை அப்படியே போடுங்கள், எதிர்ப்பக்கத்தில் நீங்கள் எழுதியதை. மதுரைப் பாட்டி என்றால் மதுரைப் பாட்டி மாதிரியே பேச வேண்டும், எட்டு வருடப் பத்திரிகை நடை எட்டிப் பார்த்தால் வீட்டுக்காரர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். புதிய ஒப்பந்தங்களில், பெயர்களை மாற்றி ஒரே ஒரு அத்தியாயத்தை நேரில் மட்டும் காட்டிக்கொள்ள அனுமதி கேளுங்கள், என்னிடம் இதுவரை மறுத்தவர் ஒருவர்தான்.

வேலை வரும் வழி அச்சகம். மணிவிழா அழைப்பிதழ் அடிக்க வருகிறவர்களை முதலில் பார்ப்பது அவர்கள்தானே, எனக்கு வந்ததில் பாதி அப்படி வந்தது. ஆனால் யூனிகோடில் அடித்த ஃபைலை அவர்களின் பழைய டிடிபி (கணினியில் பக்கம் அமைக்கும்) ஆள் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், கடைசி ப்ரூஃபை நீங்களே பாருங்கள். விழா இல்லாத மாதத்தில் பட்டினிதான், அதனால் ஒரு கம்பெனி முதலாளிக்கு மாதம் எட்டு லிங்க்ட்இன் பதிவு எழுதித் தருகிறேன், சலிப்பான வேலை, வாடகைக்கு ஆகிறது. பிஎச்டி ஆய்வேடு எழுதித் தரச் சொல்லியும் வருவார்கள், நல்ல காசு. அது மோசடி, தொடாதீர்கள்.

ஈரோட்டு_வாசகன்:
எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளைப் பார்க்கப் போகிறேன், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். ஒரு சந்தேகம், போனில் பேசும்போதே பின்னாலிருந்து அவர் வீட்டு அம்மா, "அவர் சொல்றதுல பாதி தப்பு, என்னையும் கேளுங்க" என்றார். அதற்குத் தனி ரேட்டா?

மதுரை_மல்லிகா:
அதற்குக் காசு கேட்காதீர்கள், அவர் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய் உட்காருங்கள். மிக்ஸி ஓடாத நேரமாகவும்.