கார் வைத்திருப்பவருக்கும் இலவச அரிசி எதற்கு?

கணக்குப்பிள்ளை:
தமிழ்நாட்டில் 2 கோடியே 20 லட்சத்துக்கு மேல் குடும்ப அட்டைகள். அரிசி அட்டை இருந்தால் போதும், வாசலில் கார் நின்றாலும் மாதம் 20 கிலோ வரை இலவசம். உணவு மானியத்துக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி ரூபாயைத் தாண்டிச் செலவாகிறது. வசதியானவர் வாங்கும் அரிசி எங்கே போகிறது என்று ஊருக்கே தெரியும்: மாவு மில்லுக்கு, கோழித் தீவனத்துக்கு, எல்லை தாண்டும் லாரிக்கு. அவர்களை நீக்கிவிட்டு, மிச்சமாகும் பணத்தில் ஏழைக்குக் கூடுதலாக ஒரு கிலோ துவரம்பருப்பு கொடுங்கள் என்கிறேன்.

வைகைக்கரை:
வசதியானவர் யார் என்று முடிவு செய்யப் போவது யார் சார்? 1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தது. தமிழ்நாடு பிரிக்கவில்லை. கேரளத்தில் அதுவரை கிட்டத்தட்ட எல்லாருக்கும் ரேஷன் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. பிரித்த பிறகு வாங்குவோர் குறைந்து, கடைகளே ஓட முடியாமல் திண்டாடின. நடுத்தர வீட்டுக்காரரும் வரிசையில் நிற்பதால்தான் இங்கே புழுத்த அரிசி வந்தால் சத்தம் கேட்கிறது.

அப்புறம் உணவுப் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தரும் அளவைப் பாருங்கள். கிராமத்தில் 62.55 சதவீதம், நகரத்தில் 37.79 சதவீதம் பேருக்குத்தான் மத்திய அரசின் அரிசி. அதுவும் 2011 மக்கள்தொகையை வைத்து. மற்றவர்களுக்கு மாநிலம் தன் செலவில் கொடுக்கிறது. அதை நிறுத்தினால் முதலில் விழுவது கார்காரர் இல்லை, நகரத்தில் வாடகை வீட்டில் இருக்கும் தினக்கூலி.

கணக்குப்பிள்ளை:
1997இல் ஆதார் இல்லை. இன்று நிலம், மின்கட்டணம், வாகனம் எல்லாம் கணினியில் இருக்கிறது. 2023இல் மகளிர் உரிமைத்தொகைக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம், மின்சாரம் 3600 யூனிட் என்று வடிகட்டித்தானே ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கொடுத்தார்கள்? வானம் இடிந்துவிடவில்லையே.

வைகைக்கரை:
தள்ளுபடியானவர்கள் மேல்முறையீட்டுக்காக இ-சேவை மையத்தில் நின்றதைப் பார்க்கவில்லையா? ஆயிரம் ரூபாய்க்கு இரண்டு மாதம் காத்திருக்கலாம். அரிசிக்கு முடியுமா? வேண்டாதவர் சர்க்கரை அட்டைக்கோ, பொருளில்லா அட்டைக்கோ மாறிக்கொள்ள இப்போதே வழி உண்டு. கடத்தலைப் பிடிப்பது போலீஸ் வேலை. அதற்காக அட்டையை வெட்ட வேண்டியதில்லை.

மலைச்சாரல்:
எல்லாருக்கும் என்பதற்கே என் ஓட்டு. ஆனால் அரிசி மட்டும்தான் சோறா? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நம் மாநிலப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 2023இல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு தந்தார்கள். இந்த மாதிரி வேலையைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை!

நொய்யல்:
எல்லாரும் அட்டை வைத்திருப்பவருக்காகவே சண்டை போடுகிறீர்கள். திருப்பூர் பனியன் கம்பெனி விடுதியில் இருக்கும் பீகார் பையனை என்ன செய்வது? ஒரே நாடு ஒரே ரேஷனில் தமிழ்நாடு 2020 அக்டோபரிலேயே சேர்ந்துவிட்டது. விரல் வைத்தால் அவன் பங்கு ஐந்து கிலோ இங்கேயே கிடைக்கும். ஆனால் 30 ரூபாய்ப் பருப்பும் 25 ரூபாய் பாமாயிலும் மாநிலம் தருவது, அவை அவனுக்கு இல்லை. அரிசியை வாங்கி எங்கே பொங்குவான்? பத்துப் பேருக்கு ஒரே அறை, அடுப்பு கிடையாது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் புலம்பெயர் தொழிலாளருக்குச் சமுதாயச் சமையற்கூடம் நடத்தச் சொன்னது. அட்டை கேட்காத அம்மா உணவகம் 2013இலிருந்தே நம்மிடம் இருக்கிறது. அதைச் சிப்காட் தொழிற்பேட்டை வாசல்களில் திறக்கலாம். கிராமப் பள்ளிகளில் காலை உணவு சமைக்கும் மகளிர் குழுக்களிடமே கொடுக்கலாம். பாதிச் செலவு கம்பெனிகள் தரட்டும்.

கணக்குப்பிள்ளை:
அம்மா உணவக நஷ்டத்தையே சென்னை மாநகராட்சி சுமக்கத் திணறுகிறது. கம்பெனி பாதி தந்தால் அதைச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நொய்யல்:
விடுதி மெஸ்ஸுக்கு இப்போதும் சம்பளத்தில் பிடிக்கத்தான் செய்கிறார்கள் அண்ணே. அந்தப் பணம் ஒப்பந்தக்காரருக்குப் போகிறது. மகளிர் குழுவுக்குப் போகட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

வைகைக்கரை:
இதற்கு ஆதரவு. ஆனால் இதற்குப் பணம் வேண்டும் என்று அரிசி அட்டையில் கை வைத்தால் மறுபடி வருவேன்.