விளம்பரம் வந்ததும் கட்டைவிரல் தானாக நகர்கிறது

மகளுக்கு அப்போது நான்கு மாதம். பகலில் தூங்கவே மாட்டாள். இரவு பத்தரைக்கு மேல் என் மடியில்தான் கண் அயர்வாள். அந்த நேரத்தில் தொலைக்காட்சியில் ஏதாவது பழைய படம் ஓடும். ஒலியை 9-இல் வைத்திருப்பேன்; 10 ஆனால் அவளுடைய இமை துடிக்கும்.

ஒரு நாள் படத்தில் இருவர் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். காட்சி சட்டென்று அறுந்து சோப்புத்தூள் விளம்பரம் வந்தது. ஒலி அதே 9-இல்தான் இருந்தது. ஆனால் வீடே அதிர்ந்தது. குழந்தை இரண்டு கைகளையும் விரித்து உதறினாள். முகம் சிவந்தது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி அப்படியே இருந்து, பிறகுதான் வீறிட்டாள். சத்தமே இல்லாத அந்த ஒரு நொடி இன்னும் எனக்கு மறக்கவில்லை. திரும்பத் தூங்க வைக்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று.

அன்றிலிருந்து ஒலியைக் குறைக்கும் பொத்தானின் மேல் கட்டைவிரலை வைத்தபடியே படம் பார்க்கிறேன். இப்போது அவளுக்கு ஆறு வயது. ரிமோட்டில் அந்தக் கழித்தல் குறி முழுக்க அழிந்துவிட்டது. பக்கத்தில் இருக்கும் கூட்டல் குறி புதிதுபோல இருக்கிறது.

விளம்பரத்துக்கென்று ஒலியைக் கூட்டி வைக்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்த என் மைத்துனர்தான் புரியவைத்தார். உச்ச அளவு படத்துக்கும் விளம்பரத்துக்கும் ஒன்றாகவே இருக்கலாமாம். படத்தில் முணுமுணுப்பும் உண்டு, இடியும் உண்டு. எப்போதாவதுதான் உச்சத்தைத் தொடும். விளம்பரத்திலோ மெல்லிய ஒலிகளையெல்லாம் மேலே தூக்கி, உச்சத்தோடு ஒட்ட நிரப்பிவிடுகிறார்கள். இதற்குக் கம்ப்ரெஷன் என்று பெயர். முப்பது நொடியும் மேலேயே நிற்கும். நம் காது தனித்தனி உச்சங்களை எண்ணுவதில்லை. தொடர்ந்து வரும் ஒலியைத்தான் சத்தமாக உணர்கிறது.

இதை அளக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. காது உணரும் சத்தத்தை அளக்கும் முறையைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-லேயே வெளியிட்டது. 2010-இல் ஐரோப்பிய ஒளிபரப்பாளர் ஒன்றியம் எல்லா நிகழ்ச்சிகளுக்கும் ஒரே சராசரி அளவைப் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் அதே ஆண்டு சட்டமே இயற்றினார்கள். 2012 டிசம்பர் 13 முதல் அது நடைமுறைக்கு வந்தது. விளம்பரம் தன்னைச் சுற்றியுள்ள நிகழ்ச்சியைவிடச் சத்தமாக இருக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. தூங்கும் குழந்தையும், பக்கத்து அறையில் படுத்திருக்கும் நோயாளியும் இல்லாத வீடு எத்தனை இருக்கும்?

உங்களுக்கும் இப்படி ஏதாவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள். விளம்பரம் பற்றி எதுவானாலும் சரி.

மறுமொழி 1

நண்பரே, நீங்கள் காதைப் பற்றி எழுதிவிட்டீர்கள். நான் கண்ணைப் பற்றிச் சொல்கிறேன். விளம்பரப் படப்பிடிப்பில் உதவியாளனாக இரண்டு ஆண்டுகள் இருந்தேன். முதல் நாள் எனக்குத் தந்த வேலை, ஒரு குளிர்பானப் பாட்டிலுக்கு வியர்க்க வைப்பது. கிளிசரினையும் தண்ணீரையும் கலந்து, தெளிப்பானில் ஊற்றி, பாட்டிலின் மேல் பனிபோலப் படியவிட வேண்டும். வெறும் தண்ணீர் என்றால் வழிந்து ஓடிவிடும். கிளிசரின் கலந்த துளி விளக்குகளின் சூட்டிலும் அசையாமல் நிற்கும். கோப்பையில் மிதந்த பனிக்கட்டிகள் அக்ரிலிக்கில் செய்தவை. ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து இடுக்கியால் எடுத்து வைத்தேன். அந்தப் பாட்டில் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. ஆறு மணி நேரம் அதன் பக்கத்தில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தவன், தொலைக்காட்சியில் வேறொரு குளிர்பான விளம்பரத்தைப் பார்த்ததும் எனக்குத் தாகம் எடுத்தது. எல்லாம் தெரிந்த பிறகும் எடுத்தது. அதைத்தான் இன்றுவரை வியந்துகொண்டிருக்கிறேன்.

மறுமொழி 2

நான் ஆசிரியை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மணி பார்க்கச் சொல்லித்தர, பழைய பத்திரிகைகளில் வந்த கடிகார விளம்பரங்களை வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். இருபதுக்கும் மேல் இருக்கும். மூன்றாவது படத்துக்குள் வகுப்பே ஒரே குரலில் "பத்து பத்து, டீச்சர்!" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது. அதன் பிறகு எந்தப் படத்தைத் தூக்கினாலும் அதே விடைதான். எல்லாம் சரியாகவும் இருந்தது. அத்தனை ஆண்டுகளாக விளம்பரங்களைப் பார்த்திருந்தும் எனக்கு அது கண்ணில் படவே இல்லை. முட்கள் அப்படி விரிந்து நின்றால், பன்னிரண்டுக்குக் கீழே இருக்கும் நிறுவனத்தின் பெயர் மறையாது. பார்ப்பதற்கும் இருபுறமும் ஒத்திருக்கும். அன்று பாடம் கெட்டுப்போனது, ஆனால் பிள்ளைகள் கண்டுபிடித்ததை நினைத்து எனக்கு ஒரே பெருமை. 1941 ஜூலை 1 அன்று நியூயார்க்கில் ஒளிபரப்பான புலோவா விளம்பரத்தைத்தான் முறைப்படி உரிமம் பெற்ற முதல் தொலைக்காட்சி விளம்பரம் என்பார்கள். அதுவும் கடிகார விளம்பரம்தான் என்பதை அடுத்த நாள் வகுப்பில் சொன்னேன்.

மறுமொழி 3

எனக்குப் பாட்டுதான் தொல்லை. தேர்வு எழுதிய மூன்று மணி நேரமும் ஒரு பற்பசை விளம்பரத்தின் இரண்டே வரி தலைக்குள் சுழன்றது. ஜெர்மானியர்கள் இதைக் 'காதுப் புழு' என்கிறார்கள். சூயிங்கம் மென்றால் குறையும் என்று இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2015-இல் வந்தது. முயன்று பார்த்தேன், எனக்குக் கொஞ்சம் பலன் இருந்தது.

மறுமொழி 4

இந்தப் பதிவை எழுதியவன்தான் மறுபடி வந்திருக்கிறேன். டீச்சர், உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும்போல இருந்தது. இன்னொன்று சொல்ல விட்டுப்போயிற்று. நான் சொன்ன அமெரிக்கச் சட்டம் தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு மட்டும்தான். இணையம் வழியாக வரும் படங்களுக்கு இடையே ஓடும் விளம்பரங்களுக்கும் இதே கட்டுப்பாட்டை விதித்து, 2025-இல் கலிஃபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றியிருக்கிறது. அதைப் படித்த பிறகு நானும் சும்மா இருக்கவில்லை. இந்த வாரம் முழுக்க எந்த விளம்பரம், எந்த நேரம், அதற்கு முன் ஒலி எத்தனையில் இருந்தது, எத்தனைக்குக் குறைக்க வேண்டியிருந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். பதினேழு வரி சேர்ந்தது. நேற்று அதை ஒளிபரப்பாளருக்கு அனுப்பிவிட்டேன். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.