மலையூர்களிலிருந்து இறக்கப்பட்ட மக்கள்: வந்தார்களா, கொண்டுவரப்பட்டார்களா?

ஒட்டுசுட்டான் வாசகன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். தாய்வானில் மேற்படிப்புப் படிக்கும் என் தங்கையின் மகள் சென்ற வாரம் சில படங்களை அனுப்பியிருந்தாள். கிழக்குப் பக்க மலைக்காட்டுக்குள், பலகைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. வீட்டின் நடுவில் பெரிய மரங்கள் வளர்ந்திருக்கின்றன. வழிகாட்டியாகச் சென்றவர் புனுன் என்னும் தொல்குடியைச் சேர்ந்தவர். அது தம் பாட்டனாரின் ஊர் என்றும், ஜப்பானியர் ஆட்சியில் தம் மக்கள் அங்கிருந்து துரத்தப்பட்டார்கள் என்றும் அவர் கூறினாராம். ஆனால் ஆட்சியாளரின் கணக்கில் அது மக்களின் முன்னேற்றத்துக்காகச் செய்யப்பட்ட இடமாற்றம். இரண்டில் எதை நம்புவது என்று பிள்ளை என்னிடம் கேட்கிறாள்.

படிவத்தில் கையொப்பமிட்டு இடம் மாறிய அனுபவம் இந்தக் களத்தில் எழுதும் பலருக்கு உண்டு என்பதாலேயே இங்கே கேட்கிறேன். அந்த மலை மக்களைக் கீழே இறக்கியது துப்பாக்கியா, பசியா, வயல் தருவோம் என்ற வாக்குறுதியா? எந்த ஆண்டுகளில் இது நடந்தது? அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் பிள்ளைக்கு அனுப்பி வைப்பேன்.

பாலையடி எழுதியது:

ஐயா, நீங்கள் கேட்ட மூன்றும் இருந்தன. ஆனால் அவை வந்த வரிசையைப் பார்த்தால்தான் விடயம் விளங்கும்; முதலில் வந்தது சட்டம்.

1895 இல் ஷிமொனொசெக்கி உடன்படிக்கையின்படி சீனா தாய்வானை ஜப்பானுக்குக் கொடுத்தது. அதே ஆண்டிலேயே, உடைமையை நிறுவும் ஆவணம் இல்லாத காடும் தரிசும் அரசுக்குரியவை என்று புதிய ஆட்சி கட்டளை பிறப்பித்தது. மலை மக்களிடம் காணிக்கு உறுதிப் பத்திரம் எழுதும் வழக்கமே இருக்கவில்லை. இந்த ஓடை முதல் அந்தப் பாறை வரை இன்ன குடும்பத்தின் வேட்டைக்காடு என்பது ஊரார் வாயில் இருந்ததே தவிரத் தாளில் இல்லை. ஆகவே, ஒருவரையும் அசைக்காமலே ஒரே நாளில் அவர்கள் எல்லோரும் அரசாங்கக் காணியில் குடியிருப்பவர்கள் ஆகிவிட்டார்கள். அரசுக்கு அந்தக் காடு ஏன் வேண்டியிருந்தது என்றால், கற்பூர மரத்துக்காக. கோயிலில் நாம் ஏற்றும் அதே கற்பூரந்தான். செல்லுலாயிட் செய்வதற்கு அன்றைய உலகச் சந்தையில் அதற்குப் பெரும் கேள்வி இருந்தது.

அடுத்து வந்தது வேலி. சீன அரசின் காலத்திலேயே மலையடிவாரத்தில் இருந்த காவல் எல்லைக்கோட்டினை ஜப்பானியர் நீட்டித்து மேலே நகர்த்திக்கொண்டே போனார்கள். சில இடங்களில் மின்சாரம் பாய்ச்சிய கம்பியும் நிலக்கண்ணியும் வைத்தார்கள். கோட்டுக்கு அப்பால் உப்பும் துப்பாக்கியும் போகாமல் தடுத்தார்கள். உப்பில்லாமல் எத்தனை மாதம் இருக்கலாம் என்பதைப் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த நம்மில் யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. ஆளுநர் சகுமா சமாத்தா 1910 முதல் 1914 வரை நடத்திய ஐந்தாண்டுத் திட்டத்தில் ஊர் ஊராகப் படை ஏறித் துப்பாக்கிகளைப் பறித்தது. மலையில் துப்பாக்கி என்பது போருக்கு மட்டுமல்ல, இறைச்சிக்கும் உரியது. அதைப் பறிகொடுத்த வேட்டைக்காரனிடம் பிறகு யாராவது வந்து "கீழே வயல் தருகிறோம்" என்றால், அவன் தலையசைப்பதை விருப்பம் என்று எழுதுவது எவ்வளவு எளிது என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்குப் பின்னரும் பலர் இறங்கவில்லை. புனுன் தலைவர்களில் ஒருவரான ராஹோ ஆரி 1915 இல் தாஃபன் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்ட பிறகு இன்னும் உயரமான மலைக்குள் போய், 1933 வரை பணியாமல் இருந்தார். மலைத்தொடரைக் குறுக்கே வெட்டிச் சாலையும் அதன் நெடுகிலும் பொலிஸ் நிலையங்களும் அமைத்தது இத்தகைய ஊர்களைக் கண்காணிக்கத்தான். உங்கள் பிள்ளை நடந்தது அத்தகைய பாதையாகவும் இருக்கலாம்.

கூட்டம் கூட்டமாக இறக்குவது வேகம் பெற்றது 1930 இற்குப் பின்னர். அந்த ஆண்டு ஒக்டோபர் 27 ஆம் திகதி, ஊஷெ என்னும் மலை நகரில் பாடசாலை விளையாட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்தபோது, மோனா ருடாவோ என்ற தலைவரின் கீழ் செடிக் என்னும் தொல்குடி மக்கள் தாக்கியதில் 134 ஜப்பானியர் இறந்தனர். பதிலடியில் விமானமும் பீரங்கியும் வந்தன. கிளர்ந்தெழுந்த ஆறு ஊர்களின் மக்களிலே பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர். பலர் தாமே மரத்தில் தூக்கிட்டுக்கொண்டவர்கள். சரணடைந்து காவலில் இருந்தவர்களையும் 1931 ஏப்ரலில், ஆட்சியாளருடன் நின்ற அயல் குழுவினர் தாக்கிக் கொன்றார்கள். எஞ்சிய முந்நூறுக்கும் குறைவானோரை மே மாதத்தில் நடத்திக் கூட்டிச்சென்று, ஆறுகள் சூழ்ந்த தாழ்நிலம் ஒன்றில் குடியேற்றினார்கள். அதற்கு ஜப்பானியர் தம் நாட்டுப் பழைய போர்க்களம் ஒன்றின் பெயரான கவானாகாஜிமா என்பதைச் சூட்டினர். இன்று அது சிங்லியு. இதன் பிறகு, எதிர்க்காத ஊர்களுக்கும் மேலே இருப்பது ஆபத்து என்பது தெரிந்திருக்கும்.

குளக்கட்டு எழுதியது:

பாலையடி ஐயா எழுதியவற்றுடன் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அதைச் சொல்லாமல் இந்த இடமாற்றம் எதைப் பறித்தது என்பது தெரியவராது.

புனுன், பைவான், ருக்காய் ஆகிய குடிகளில் இறந்தவரை வீட்டுக்குள்ளேயே, தரைக்கல்லைப் பெயர்த்து, குந்தவைத்த நிலையில் அடக்கம் செய்வார்கள். அதன்மேல் கல்லை மூடிவிட்டு அங்கேயே சமைத்து, உண்டு, உறங்குவார்கள். நம் ஊரில் சுடலை ஊருக்கு வெளியே இருப்பதால் இது நமக்கு வியப்பாக இருக்கும். அவர்களுக்கோ பாட்டனார் காலடியில் இருப்பதே வீடு என்பதன் பொருள். ஜப்பானியர் சுகாதாரத்தைக் காரணம் காட்டி இதைத் தடை செய்தார்கள். கீழே கட்டிக்கொடுத்த புதிய வீடுகளின் தரைக்குக் கீழே யாரும் இல்லை. படங்களில் பிள்ளை பார்த்த கற்குவியல்கள், ஆகவே, கைவிடப்பட்ட வீடுகள் மட்டுமல்ல. அவற்றுள் இன்னமும் ஆட்கள் இருக்கிறார்கள். நாங்கள் 2010 இல் திரும்பி வந்தபோது கிணற்றுக் கட்டையும் அத்திவாரத்தையும் வைத்துத்தான் எங்கள் காணியை அடையாளம் கண்டோம். அவர்களுக்கு அடையாளம் அதைவிட ஆழத்தில் இருக்கிறது.

இரண்டாவது, தினை. மலைச்சரிவில் காட்டை வெட்டி எரித்து, சில ஆண்டு பயிரிட்டு, பிறகு நிலத்தை ஆறவிடுவது அவர்கள் முறை. நாம் சேனை என்போமே, அதுதான். விதைப்பு, களையெடுப்பு, அறுவடை ஒவ்வொன்றுக்கும் சடங்கு உண்டு. தினை நன்றாக விளைய வேண்டும் என்று புனுன் ஆண்கள் வட்டமாக நின்று பல குரலில் பாடும் பாட்டு இன்று உலகெங்கும் இசை ஆய்வாளர்கள் அறிந்த ஒன்று. ஆட்சியாளருக்குச் சேனை என்பது காட்டை அழிக்கும் சோம்பேறி வேளாண்மை. நெல் வயல்தான் நாகரிகம். வயலில் இறங்கியதும் தினையின் நாட்காட்டி பொருளற்றுப் போனது. வற்றாப்பளை அம்மன் பொங்கலை வைகாசியிலிருந்து பெயர்த்து வேறு ஊரில், வேறு மாதத்தில் நடத்துங்கள் என்று நம்மிடம் சொன்னால் எப்படி இருக்கும்?

மூன்றாவது மலேரியா. உயரத்தில் நுளம்பு குறைவு. அங்கே தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் தாழ்நிலத்துக்கு வந்ததும் கொத்தாகச் செத்தார்கள். கவானாகாஜிமாவிலும் முதல் ஆண்டுகளில் இதுவே நடந்தது. முப்பதுகளில் லாய்புனுக் பள்ளத்தாக்கிலிருந்து இறக்கப்பட்ட புனுன் மக்களிற் சிலர் 1941 இல் மீண்டும் மலையேறிப் பொலிஸாருடன் மோதியதையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். நெல்லும் காய்ச்சலும் சேர்ந்தே வரும் என்பது வன்னியில் பிறந்தவர்களுக்குப் புதிய செய்தி அல்ல.

முதிரங்காடு எழுதியது:

மேலே எழுதிய இருவரோடும் பெரும்பாலும் உடன்படுகிறேன். இருந்தாலும், எல்லாவற்றையும் ஜப்பானியர் தலையில் கட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

தாய்வானில் மிகவும் அறியப்பட்ட பழைய கல்லூர் ருக்காய் மக்களின் குச்சபுங்கனே. அது கைவிடப்பட்டது ஜப்பானியர் போய் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1970களின் இறுதியில். பாடசாலையும் வைத்தியசாலையும் எட்டாத தொலைவில் இருந்ததால் ஊரார் ஆற்றங்கரைக்கு இறங்கினார்கள். யாரும் துப்பாக்கி நீட்டவில்லை. அந்தப் புதிய ஊரை 2009 ஓகஸ்டில் மொறக்கொட் சூறாவளியின் வெள்ளமும் சேறும் மூடிவிட்டன. (வன்னியில் போர் முடிந்த 2009 என்ற எண்ணை வாசித்தபோது சற்று நேரம் அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை.) அவர்கள் மறுபடியும் இடம் மாறி ரினாரி என்ற இடத்தில் குடியேற்றப்பட்டார்கள். மேலேயுள்ள பழைய ஊரோ அசையாமல் நிற்கிறது. 2016 இல் அது காக்கப்பட வேண்டிய உலக நினைவிடங்களின் கண்காணிப்புப் பட்டியலிலும் இடம்பெற்றது. முன்னோர் ஊருக்கு இடம் தேர்ந்தபோது மலை எங்கே சரியும் என்று பார்த்திருக்கிறார்கள். இடம் மாற்றியவர்கள் சாலை எங்கே வரும் என்று பார்த்தார்கள்.

ஜப்பானியர் செய்தது புதுமையும் அல்ல. 1570களில் பெருவில் ஸ்பானிய அரசப் பிரதிநிதி தொலேதோ, அந்தீஸ் மலையில் சிதறியிருந்த பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சதுரமான வீதிகளும் நடுவே தேவாலயமும் கொண்ட ஊர்களில் அடைத்தார். உயரத்தில் கிழங்கு, நடுவில் சோளம், அடியில் கொக்கா என்று ஒரே குடும்பம் பல உயரங்களில் பயிரிட்டு வாழ்ந்த ஏற்பாடு அதனால் குலைந்தது. வரி எண்ணவும், பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு ஆண்களில் ஏழில் ஒருவரை முறைவைத்து அனுப்பவும் ஆட்கள் ஓரிடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உறுதி இல்லாத காணி அரசுடையது என்ற விதிக்கும் தாய்வான் வரை போகத் தேவையில்லை. ஆங்கிலேயர் இலங்கையில் 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தால் இதையே செய்தார்கள். கண்டி மாகாணங்களுக்கு வெளியே உள்ள மாவட்டங்களில் சேனை நிலம் காடாகவோ தரிசாகவோ கொள்ளப்படும் என்று அது கூறியது. எதிர்மாறாக நிரூபிக்கும் பொறுப்பு குடியானவனுடையது. நம் பகுதியில் இன்றும் பெர்மிட் காணிக்காரர், அதாவது உறுதி இன்றி அரச அனுமதிப் பத்திரத்தில் காணி வைத்திருப்பவர், அலுவலகப் படியேறும்போது அந்த 1840 கூடவே ஏறுகிறது.

ஒட்டுசுட்டான் வாசகன் எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. எல்லாவற்றையும் பிள்ளைக்கு அனுப்பினேன். இரவே பதில் வந்தது. இறங்கிவந்த தலைமுறையில் எஞ்சியிருக்கும் முதியவர் ஒருவரை அடுத்த மாதம் சந்திக்கப் போகிறாளாம். விட்டுவந்த ஊரைப் புனுன் மொழியில் மை-அசாங் என்பார்களாம், முன்பு இருந்த ஊர் என்று பொருள். விருப்பத்துடன் வந்தீர்களா என்று அவரிடம் கேட்கப் போவதில்லை என்று எழுதியிருந்தாள். என்ன கேட்பாய் என்றேன். இங்கே பேருந்தில் பக்கத்தில் இருப்பவரிடம் நாம் கேட்பதையே கேட்பாளாம்: "நீங்கள் எந்த ஊர்?"