தாக்கமும் மறுதாக்கமும் சமன் என்றால் தேர் எப்படி அசையும்?

கொடிகாமத்து அம்மா:
வணக்கம். மகள் தரம் 10. விஞ்ஞானத்தில் நியூற்றனின் விதிகள் நடக்கிறது. விசை = திணிவு × ஆர்முடுகல் என்று கணக்கெல்லாம் மளமளவென்று செய்கிறாள். ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமனான, எதிரான மறுதாக்கம் உண்டு என்கிற மூன்றாம் விதியில்தான் வந்து நிற்கிறாள். போன கிழமை எங்கள் கோயில் தேர். வடம் பிடித்துவிட்டு வந்தவள் சாப்பிடும்போது கேட்கிறாள்: "நாங்கள் தேரை இழுக்கிற அளவுக்குத் தேரும் எங்களை இழுக்குது எண்டால் ரெண்டும் வெட்டுப்பட்டுப் போகுமே அம்மா, பிறகு எப்படித் தேர் அசைஞ்சது?" நான் கலைப்பிரிவு படித்தவள். ரியூசனில் கேட்டதற்கு, அது சோதினைக்கு வராது, விதியைப் பாடமாக்கு என்றார்களாம். அப்படிச் சொல்லி அவளை அடக்க எனக்கு மனமில்லை. தெரிந்தவர்கள் விளங்கப்படுத்துவீர்களா?

பனையடி வாத்தியார்:
தங்கச்சி, முதலில் பிள்ளையைப் பாராட்டுங்கள். கனகாலம் பௌதிகவியல் படிப்பித்தவன் நான். உயர்தரத்துக்கு வந்த பிள்ளைகளிலும் இதைத் தாங்களாகவே கேட்டவர்கள் குறைவு. நியூற்றனும் 1687இல் வெளிவந்த பிரின்சிப்பியா என்ற தன் நூலில் மூன்றாம் விதியை விளக்க, கயிற்றில் கட்டிய கல்லை இழுக்கும் குதிரையைத்தான் எடுக்கிறார். குதிரை கல்லை இழுக்கிற அளவுக்குக் கல்லும் குதிரையை இழுக்கிறது என்கிறார். உங்கள் மகள் குதிரைக்குப் பதிலாகத் தானே வடத்தில் நின்றிருக்கிறாள்.

இரண்டு விசைகள் வெட்டுப்பட வேண்டுமென்றால் இரண்டும் ஒரே பொருளில் தாக்க வேண்டும். இங்கே அப்படியில்லை. முன்னோக்கிய இழுவை தேரில் தாக்குகிறது, பின்னோக்கிய இழுவை ஆட்களில் தாக்குகிறது. தேரை ஒரு தாளிலும் ஆட்களை இன்னொரு தாளிலும் தனித்தனியாகக் கீறச் சொல்லுங்கள். ஒரே படத்தில் எல்லா அம்புக்குறியையும் போடுவதால்தான் இந்தக் குழப்பம்.

கணக்குக்காக இலக்கம் வைப்போம். தேரின் திணிவு 8000 கிலோகிராம், வடத்தின் இழுவை 5000 நியூற்றன், சில்லும் மண்ணும் கொடுக்கும் தடை 4200 நியூற்றன். தேரின் தாளில் இருப்பது இவ்வளவுதான். மிஞ்சும் விளையுள் விசை 800 நியூற்றன், ஆர்முடுகல், அதாவது வேகம் கூடும் வீதம், செக்கனுக்குச் செக்கன் 0.1 மீற்றர். தேர் அசைகிறது.

சரி, ஆட்கள்? 60 கிலோகிராம் வீதம் 100 பேர், 6000 கிலோகிராம். வடம் அவர்களை 5000 நியூற்றனால் பின்னே இழுக்கிறது. அவர்களும் தேரோடு அதே ஆர்முடுகலில் முன்னே போக 600 நியூற்றன் மிஞ்ச வேண்டும். ஆகவே 5600 நியூற்றனால் யாரோ அவர்களை முன்னே தள்ள வேண்டும். தள்ளுவது நிலம்! மகளிடம் அவளுடைய கால் என்ன செய்தது என்று கேளுங்கள். உடம்பை முன்னே சாய்த்து, விரல்களை மணலில் புதைத்து, நிலத்தைப் பின்னுக்கு உந்தியிருப்பாள். அவள் நிலத்தைப் பின்னே உந்த, நிலம் அவளை முன்னே உந்துகிறது. அதுவும் ஒரு மூன்றாம் விதிச் சோடி. மழை பெய்து தெரு வழுக்கினால் கையில் எவ்வளவு பலம் இருந்தாலும் தேர் வராது, கால்தான் சறுக்கும்.

கொடிகாமத்து அம்மா:
சேர், மிக்க நன்றி. இரண்டு தாளில் கீறினாள், கீறி முடிக்கவே முகம் மலர்ந்துவிட்டது. இன்னொன்று. ரியூசன் குறிப்பில், மேசைமீது உள்ள புத்தகத்தின் நிறை தாக்கம், மேசை புத்தகத்தை மேலே தள்ளும் விசையான செவ்வன் மறுதாக்கம் அதன் மறுதாக்கம் என்று இருக்கிறது. இரண்டும் புத்தகத்தில்தானே தாக்குகிறது என்கிறாள்.

பனையடி வாத்தியார்:
பிள்ளை சொல்வதுதான் சரி, குறிப்பு பிழை. நிறை என்பது பூமி புத்தகத்தை இழுப்பது. அதன் சோடி, புத்தகம் பூமியை மேலே இழுப்பது. மேசை புத்தகத்தை மேலே தள்ளுவதன் சோடி, புத்தகம் மேசையைக் கீழே அழுத்துவது. நிறையும் செவ்வன் மறுதாக்கமும் சமனாக இருப்பது புத்தகம் ஓய்வில் இருப்பதால். அதற்குக் காரணம் மூன்றாம் விதி அல்ல. மேசையோடு சேர்த்து லிஃப்ற் ஒன்றில் ஏற்றிப் பாருங்கள். 2 கிலோகிராம் புத்தகத்தின் நிறையை அண்ணளவாக 20 நியூற்றன் என்று எடுப்போம். லிஃப்ற் செக்கனுக்குச் செக்கன் 1 மீற்றர் ஆர்முடுகலுடன் மேலே போனால் செவ்வன் மறுதாக்கம் 22 நியூற்றன். மூன்றாம் விதிச் சோடி ஒருநாளும் இப்படிப் பிரியாது. இந்தப் பிழை எத்தனையோ கொப்பியில் கிடக்கிறது, திருத்த வேண்டும்.

உயர்தரப் பெடியன்:
அன்ரி, பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இரண்டு விற்றராசு கேட்டு வாங்கச் சொல்லுங்கோ. கொக்கியோடு கொக்கி மாட்டி, ஒன்றை அவளும் மற்றதைத் தோழியும் பிடிக்கட்டும். ஒருத்தி சும்மா பிடித்திருக்க மற்றவள் இழுத்தாலும் இரண்டிலும் வாசிப்பு ஒன்றுதான். இழுத்தபடியே நடந்தாலும் அப்படித்தான். நாங்கள் ஒன்றை யன்னல் கம்பியில் மாட்டியும் பார்த்தோம், கம்பியும் அதே அளவுக்குத் திருப்பி இழுக்கிறது. ஆனால் தொடங்குமுன் இரண்டையும் கிடையாகப் பிடித்து, முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேணும். பழைய தராசுகள் கொஞ்சம் விலகி நிற்கும், அந்த அளவைக் கழித்துவிட்டு எழுதட்டும்.