பெர்டினாக்ஸ் தினாரியஸ்: 87 நாள் பேரரசரும் அவர் கூட்டிய வெள்ளியும்

காசுப்பித்தன்: இந்தத் தினாரியஸில், அதாவது ரோம வெள்ளிக்காசில், உள்ள நீளத்தாடிக்காரர் பெர்டினாக்ஸ். 193 ஜனவரி 1 முதல் மார்ச் 28 வரைதான் ரோமப் பேரரசர். அப்பா ஒரு காலத்தில் அடிமை. இவர் முதலில் வாத்தியார் வேலை பார்த்தவர். முந்தைய பேரரசர் கொமோடஸ் காலத்தில் செம்பு ஏறி ஏறி மட்டமான தினாரியஸில் வெள்ளியைக் கூட்டினார். பின்பக்கத்தில் தராசு பிடித்து நிற்கும் நியாயத்தின் தேவி ஈக்விட்டாஸ் இவருக்கே பொருந்தும். ரோமில் இப்படி நேர்மையானவர்கள் குறைவு.

கோட்டைவாசல்: நேர்மை சரி நண்பரே, நிதானம் எங்கே? பதவிக்கு வந்தபோது கஜானாவில் 10 லட்சம் செஸ்டர்ஸ்தான் (நாலு செஸ்டர்ஸ் ஒரு தினாரியஸ்). பேரரசரின் மெய்க்காவல் படையான பிரிட்டோரியக் காவலர்களுக்கோ தலைக்கு 12,000 செஸ்டர்ஸ் தருவதாக வாக்கு. அந்த நேரத்தில் வெள்ளியைக் கூட்டினால் காசின் எண்ணிக்கை குறையாதா?

காசுப்பித்தன்: அதற்காகத்தான் கொமோடஸின் சொத்துகளை விற்றார். சொன்ன பணத்தைக் கொடுத்துவிட்டார் என்று வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். அப்போது செனட்டில் இருந்தவர் அவர்.

கோட்டைவாசல்: எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திருத்தப் போனதுதான் ஆபத்து என்று எழுதியவரும் அதே டியோதான். கொமோடஸிடம் இஷ்டத்துக்குத் திரிந்த காவலர்களை ஒரேயடியாகக் கட்டுப்படுத்தினால் சும்மா இருப்பார்களா? சுமார் 200 பேர் வாளோடு அரண்மனைக்குள் நுழைந்தார்கள். கதவை அடைத்திருக்கலாம், இரவுக் காவலரை ஏவியிருக்கலாம். பேசிச் சமாதானப்படுத்தலாம் என்று நேரே எதிரில் போனார். தலை ஈட்டியில் ஏறியது.

தேனருவி: அண்ணா, எதிரில் போய் நின்றதைக் குறையாகச் சொல்லாதீர்கள். எனக்குப் பிடித்தது இவருடைய ‘வோட் டெசென்’ தினாரியஸ். முக்காடிட்ட பேரரசர் முக்காலிப் பீடத்தில் படையல் இடுகிறார். பத்தாண்டு ஆட்சிக்கான நேர்த்திக்கடன் அது. நிலைத்து ஆளத்தான் வந்திருக்கிறார். தரிசு நிலத்தை உழுபவருக்கே சொந்தமாக்கியதாக அக்கால வரலாற்றாசிரியர் ஹெரோடியன் சொல்கிறார். அதன் பலன் மூன்று மாதத்தில் வருமா?

கோட்டைவாசல்: பத்தாண்டு என்று நினைத்தவர் அவசரப்பட்டிருக்கவே வேண்டாமே, தங்கையே! வெள்ளியை அடுத்த வருடம் கூட்டியிருக்கலாம்.

காசுப்பித்தன்: அடுத்த வருடம் என்று தள்ளியவர்கள் யாராவது கூட்டினார்களா? அவர் செத்ததும் காவலர்கள் பதவியையே ஏலம் போட்டு, தலைக்கு 25,000 செஸ்டர்ஸ் தருகிறேன் என்ற செனட்டர் டிடியஸ் ஜூலியானஸுக்குக் கொடுத்தார்கள். பிறகு வந்த பேரரசர் செவரஸ், பெர்டினாக்ஸைத் தெய்வமாக்கிக் காசு அடித்தார், அவர் பெயரையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். வெள்ளியை மட்டும் கணிசமாகக் குறைத்துவிட்டார்.

கோட்டைவாசல்: குறைத்தவர் படைக்குச் சம்பளம் உயர்த்தினார், 211 வரை ஆண்டார். இதற்குப் பதில் சொல்லுங்கள், மேலே பேசுவோம்.